எங்கள் பண்ணையின் குட்டைக்காலிகள்

அந்தச் சேவலை என் கணவர் நாமகிரிப்பேட்டையிலிருந்து மடியில் உட்காரவைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தார். கூடையில் போட்டால் வால் மடங்கிவிடும் என்று அவருக்குப் பயம். வேட்டியெல்லாம் எச்சம். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. வாசலில் இறக்கிவிட்டுச் சற்றுப் பின்னால் போய் நின்று அழகு பார்த்தார்.

"பாரு புள்ள, அது நிக்கற நெலைய. தாசில்தாராட்டம் இல்ல?"

வெள்ளைச் சேவல். நல்ல உயரம். சிவந்த கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வந்த அன்றே அதற்குத் தனிக் கூண்டு, ஊறவைத்த கம்பு, பொடியாக நறுக்கிய கீரை. என் மாமியார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம மாப்பிள்ளை ஊட்டுக்கு வந்தப்பக்கூட நீ இத்தன ஒபசாரம் பண்ணலியே சாமி" என்றார். அவருடைய மகளைக் கட்டியவரைச் சொன்னார். அன்று முதல் சேவலுக்கு மாப்பிள்ளை என்றே பேராகிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் எங்கள் மேட்டாங்காடு. மழை பெய்தால் சோளமும் கடலையும், பெய்யாவிட்டால் வெறும் புழுதி. நான் பரமத்தி வேலூர்க்காரி. காவிரித் தண்ணீரில் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த ஊர்க் கிணற்றை எட்டிப் பார்த்து, தண்ணீர் எங்கே என்று கேட்டுச் சிரிப்புக்கு ஆளானேன். என் கணவர் அதுவரை லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாமனார் காலமானதும் அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் வண்டியை விட்டுவிட்டுக் காட்டுக்குத் திரும்பியவர், சுற்றுவட்டாரமே கோழிக்கு மாறிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தானும் ஒரு ஷெட்டுப் போட்டார்.

மற்றவர்கள் குஞ்சுகளை வெளியூரிலிருந்து வாங்கினார்கள். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. பழைய மர அலமாரி ஒன்றை எடுத்து, உள்ளே குண்டு பல்புகள் மாட்டி, கதவில் லாரியிலிருந்து கழற்றிய ஏதோ ஒரு சூடு காட்டும் மீட்டரைப் பதித்து, குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றை அவரே செய்தார். கரண்டு போனால் அரிக்கேன் விளக்கை உள்ளே வைப்போம். மாப்பிள்ளை வந்தபிறகு எங்கள் பெட்டைகள் இட்ட முட்டைகளை அதில் அடுக்கினோம். மூன்று வாரம் கழித்து அலமாரிக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தபோது, லாரியில் பாதி இந்தியாவைச் சுற்றிவந்த மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார்.

குஞ்சுகள் முதலில் ஒரே மாதிரிதான் வளர்ந்தன. பஞ்சு உதிர்ந்து இறகு முளைக்கும் பருவம் தாண்டியபிறகுதான் வித்தியாசம் கண்ணுக்குப் பட்டது. சில குஞ்சுகள் உயர்ந்துகொண்டே போயின. சில அப்படியே நின்றுவிட்டன. உடம்பு உருண்டையாக இருந்தது, முகம் தெளிவாக இருந்தது, கால் மட்டும் கட்டை. ஓடினால் பந்து உருள்வது போல் இருக்கும்.

"பெரிய குஞ்சுக இதுகளத் திங்க விடறதில்லையாட்ட இருக்குது" என்றார் என் கணவர். குட்டைகளைத் தனியே பிரித்தார். பூச்சி மருந்து கொடுத்தார். பிறகு கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் கூடுதலாகப் போட்டார். என் மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு அவை அகலத்தில் வளர்ந்தன. ஒன்றைத் தூக்கினால் அடிவயிற்றில் கொழுப்பு கையில் தட்டுப்படும். உயரம் மட்டும் ஏறவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, காலை ஊட்ல வெச்சுட்டு வந்துருச்சுங்களா?" என்று கேட்டார். அதன்பிறகு ஊரில் அவற்றுக்குக் குட்டைக்காலிகள் என்று பேர். என் கணவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. சந்தை நாளில் எல்லாவற்றையும் கறிக்குப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

நான் விடவில்லை. காரணம் சொன்னால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். நானும் குள்ளம். கல்யாணப் போட்டோவில் நான் மணைப்பலகை மேல் ஏறி நிற்கிறேன்; அப்படியும் என் தலை அவர் தோளைத் தாண்டவில்லை. பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார், "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது, பரண் மேல இருந்து சாமான் எடுக்கத்தான் ஆகாது" என்று சொன்னது அடுப்படியில் இருந்த என் காதில் விழுந்தது.

"அதுக எனக்கு இருக்கட்டுமுங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"என்னத்தப் பாக்கப் போற?"

"முட்டை போடுதானு பாக்கறேன். போடலீன்னா நீங்க சொல்ற மாதிரி செஞ்சுக்கலாம்."

போட்டன. மற்றவை முட்டையிட்டதற்குக் கொஞ்சம் பிந்தித்தான் தொடங்கின. முட்டையும் ஒரு சுற்று சிறியதுதான். ஆனால் விடாமல் போட்டன. அதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அவை தின்ற அளவு. பெரிய கோழிகளின் தொட்டி காலியாகிக் கிடக்கும்போது இவற்றின் தொட்டியில் தீவனம் மிச்சமிருக்கும். அடுத்த வருஷம் மழை பொய்த்தது. மக்காச்சோளமும் கம்பும் கிடைப்பதே அரிதாகி, பலர் ஷெட்டைப் பாதி காலி செய்தார்கள். எங்கள் வீட்டில் பெரிய கோழிகளைக் குறைத்துக்கொண்டு குட்டைகளை வைத்து ஒப்பேற்றினோம். குட்டைகளின் ஷெட்டுக் கூரையில் ஓட்டை விழுந்தபோது, நான் கேட்காமலே என் கணவர் ஏறிப் புதுத் தென்னங்கீற்று வேய்ந்தார்.

டாக்டரம்மா வந்தது அதற்குப் பிறகு. மெட்ராஸில் கால்நடைப் படிப்பு முடித்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள், ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் பகுதியில் வெள்ளைக் கழிச்சல் நோய் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்று பார்க்கப் பண்ணை பண்ணையாகப் போய்க் கோழி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். தோளில் ஒரு பெட்டி, காலில் மண் படிந்த செருப்பு. பெரிய ஷெட்டில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியவள் குட்டைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே போய் உட்கார்ந்து ஒன்றைப் பிடித்து, அதன் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து வைத்து அளந்தாள்.

"அக்கா, இதுங்க இப்படியேதான் பொறந்துச்சா?"

"பொறந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சுங்க. அப்பறம் வளருல."

"இதுல சேவலே இல்லையா?"

நான் திரும்பிப் பார்த்தேன். இத்தனை நாள் தீவனம் போட்டிருக்கிறேன், எனக்கு அது உறைக்கவே இல்லை. எல்லாமே பெட்டைகள். கூடப் பிறந்த சேவல்கள் எல்லாம் உயரமாக வளர்ந்து விலைக்குப் போய்விட்டிருந்தன. பெட்டைகளிலும் ஏறக்குறையப் பாதிதான் குட்டை.

டாக்டரம்மா முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து, கோழிக்கு நோய் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நோயைப் பார்த்து யாரும் இப்படிச் சிரிக்க மாட்டார்கள். இறக்கையின் உள்பக்க நரம்பில் ஊசி போட்டு ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்தாள். உயரமான கோழிகளிடமும் எடுத்துக்கொண்டாள். நான் பிடித்தால் குட்டைகள் அசையாமல் இருந்தன. "நீங்களே என்கூட வேலைக்கு வந்துடலாம்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பிறகு வெகு நாள் தகவல் இல்லை. ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் என்று ஒன்றை அளக்க ஒரு மருந்து வேண்டுமாம். அதை வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர்தான் அனுப்ப வேண்டுமாம். அது வந்து சேர்ந்து, அளந்து பார்த்த பிறகுதான் அவள் திரும்ப வந்தாள். வாசலில் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தோம். என் கணவர் எதிரில் குந்தினார். மாமியார் முறத்தில் துவரை புடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது மந்தம். பக்கத்தில் போய்க் கத்திச் சொன்னால்தான் கேட்கும்.

"இதுங்க ரத்தத்துல வளர்ச்சி ஹார்மோன் கம்மியா இருக்கும்னுதான் நெனச்சேன்" என்றாள் டாக்டரம்மா. "அதனாலதான் வளரலனு. பாத்தா, உயரமான கோழிங்களவிட இதுங்களுக்குத்தான் கூட இருக்கு."

"கூட இருந்தா ஒசரமாவல்ல வளரோணும்?" என்றார் என் கணவர்.

"அதாண்ணா கேள்வி."

"என்ன சொல்றா?" என்று மாமியார் கேட்டார்.

நான் குனிந்து, "ஹார்மோன் கூட இருக்குதாமாங்க அத்தை" என்றேன்.

"என்ன?"

"ஹார்மோன்!"

"என்னம்முணி?"

"ஹார்மோன்! ஹார்மோன்!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினேன்.

"மோரா? அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்தற? உறியில இருக்குது" என்று எழுந்து போய்ப் பெரிய சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து டாக்டரம்மா கையில் கொடுத்தார்.

அவள் சிரித்த சிரிப்பில் பாதி மோர் புடவையில் கொட்டியது. துடைத்துக்கொண்டே, "அக்கா, இப்ப நீங்க செஞ்சீங்களே, அதேதான் இந்தக் கோழிங்க தலைக்குள்ள நடக்குது" என்றாள்.

பிறகு நிதானமாக விளக்கினாள். மூளைக்கு அடியில் பட்டாணி போல ஒரு சுரப்பி இருக்கிறது, பிட்யூட்டரி என்று பேர். வளர்ச்சி ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. ஆனால் போனால் மட்டும் போதாது. ஈரலின் ஒவ்வொரு உயிரணு மேலும் அந்த ஹார்மோனை மட்டும் பிடித்துக்கொள்கிற ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு ரிசப்டர் என்று பேர் சொன்னாள். ஏற்பி என்ற தமிழ்ச் சொல்லை நான் பல வருஷம் கழித்துத்தான் கேட்டேன். ஹார்மோன் அதில் வந்து பொருந்தியதும் ஈரல் வேறொரு பொருளைச் சுரக்கும். எலும்பை நீளச் செய்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது பொருள்தான். அதே பொருள் ரத்தத்தில் திரும்பித் தலைக்கும் போய், வந்தது போதும், குறைத்துக்கொள் என்று சொல்லும்.

"இதுங்க ஈரல்ல அந்த ரிசப்டர் இல்லனு நெனக்கிறேன். இருந்தாலும் வேல செய்யல. அதனால எலும்பும் வளரல, போதும்னு சொல்ற பதிலும் தலைக்குப் போகல. பதில் வரலனா பிட்யூட்டரி என்ன பண்ணும்? இன்னும் விடும். இன்னும் விடும்."

என் கணவர் தாடையைச் சொறிந்தார். "சரக்கு போய்ச் சேந்துதானு பதில் வராட்டி, எங்க லாரி ஆபீஸ்லயும் தந்திமேல தந்தி அடிப்பாங்க" என்றார்.

நான் இதையெல்லாம் மாமியார் காதருகே உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியமாகச் சத்தம் போட்டுச் சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "அட, அதுகளுக்கும் என்றாட்டக் காது மந்தமா?" என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு, "பாவம், அந்தத் தலை எத்தனை கத்துதோ" என்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டரம்மா அடுத்துச் சொன்னதுதான் என் கணவருக்குப் பொறுக்கவில்லை. இந்தக் குறை பரம்பரையாக வருவது. கோழிகளில் அந்த ரிசப்டரைச் செய்யச் சொல்லும் மரபணு பெட்டைக்கு ஒரு பிரதிதான். அது கெட்டதாக இருந்தால் குட்டையாகிவிடும். சேவலுக்கு இரண்டு பிரதி. ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றிவிடும், வெளியே தெரியாது. இவற்றின் தாய்ப் பெட்டைகள் எல்லாம் உயரம். ஆகவே அப்பன் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

"நம்ம மாப்பிள்ளையா?" என்று என் கணவர் எழுந்தே விட்டார். "அதும்பட ஒசரத்தப் பாத்தீங்களா டாக்டரம்மா? அத நிக்க வெச்சுப் பாத்துட்டுப் பேசுங்க!"

"உயரந்தாண்ணா. ஆனா உள்ள ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கு."

மாப்பிள்ளை கூண்டில் கழுத்தை நிமிர்த்தி நின்றது. அப்போது அதற்கு வயதாகிவிட்டிருந்தது, ஆனாலும் மிடுக்குக் குறையவில்லை.

சந்தேகம் தீர ஒரு வழி சொன்னாள். மாப்பிள்ளையைக் குட்டைப் பெட்டைகளோடு விட வேண்டும். அவள் நினைப்பது சரியென்றால் இந்தத் தடவை பிறக்கிற சேவல்களிலும் பாதி குட்டையாக வரும். என் கணவர் தயங்கினார். அப்பனும் மகளும் ஆயிற்றே. மாமியாருக்கு விஷயத்தைக் கத்திச் சொன்னபோது, "கோழிக்கு ஏதுடா மொறை? போய் வேலயப் பாரு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அந்த ஈட்டில் பொரித்த குஞ்சுகளை நாங்கள் பார்த்த மாதிரி பரீட்சை முடிவைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். என் கணவர் காலையில் எழுந்ததும் பல் துலக்காமல் ஷெட்டுக்குப் போய்விடுவார். ஒரு நாள் அங்கிருந்து, "ஏ புள்ள, இங்க வா!" என்று கூப்பிட்டார். போனேன். கொண்டை முளைத்து, கழுத்து இறகு நீண்டு, கட்டைக் காலில் ஒரு சேவல். எங்கள் முன்னாலேயே இறக்கையை அடித்துக்கொண்டு கூவப் பார்த்தது. பாதிக் கூவலில் குரல் உடைந்து போயிற்று. தன் மாப்பிள்ளை மேல் விழுந்த பழி உறுதியாகிவிட்டதே என்று அவர் வருத்தப்படுவார் என நினைத்தேன். அவரோ, "டாக்டரம்மா சொன்னபடியே ஆச்சு பாத்தியா!" என்று தானே ஜெயித்தவர் மாதிரி குதித்தார்.

அடுத்த தடவை டாக்டரம்மா வந்தபோது, தாளில் எழுதி வந்திருந்த விளக்கத்தையெல்லாம் மடித்துப் பையில் போட்டுவிட்டு அந்தச் சேவலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் கேட்டாள், சில குட்டைகளையும் சில உயரக் கோழிகளையும் மெட்ராஸுக்குக் கொண்டுபோக வேண்டும், நானும் கூட வருவேனா என்று. வேறு யார் பிடித்தாலும் அவை மிரளுகின்றன. மிரண்டால் ஹார்மோன் அளவு தாறுமாறாகிவிடும்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்தார். மாமியாருக்கு யாரும் கத்திச் சொல்லவில்லை, ஆனால் எப்படியோ புரிந்துவிட்டது. "போய்ட்டு வா கண்ணு. இவன் சோறாக்கிப் போடட்டும். லாரில போறப்ப ஆக்கித் திங்கலியா?"

மூங்கில் கூடைகளில் கோழிகளை ஏற்றிக்கொண்டு நாமக்கல்லிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, "இதுகளுக்கு அரை டிக்கெட்டுங்களா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. ரயிலில் விடியற்காலை எல்லாரும் தூங்கும்போது உயரச் சேவல் ஒன்று கூவ, குட்டைச் சேவல் பதிலுக்குக் கூவ, மேல் பெர்த்திலிருந்த ஒருவர் எந்த ஸ்டேஷன் என்று கேட்டுக்கொண்டே இறங்கிவிட்டார்.

டாக்டரம்மாவின் விடுதி அறையில் தங்கினேன். பகலெல்லாம் ஆராய்ச்சிக்கூடம். நான் கோழியைப் பிடித்துக்கொள்வேன், அவள் ரத்தம் எடுப்பாள். முதலில், சுரக்கச் சொல்லித் தூண்டுகிற மருந்தைக் கொடுத்தாள். வேறொரு வேளையில், நிறுத்து என்று சொல்கிற மருந்து. மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு இந்த இரண்டு விதமான கட்டளையும் எப்போதும் போய்க்கொண்டே இருக்கும் என்றும், அவற்றைக் கேட்க பிட்யூட்டரியின் உயிரணுக்கள் மேல் தனித்தனி ரிசப்டர்கள் உண்டு என்றும் சொன்னாள். எது ஓங்குகிறதோ அதன்படி ஹார்மோன் ஏறும், இறங்கும். கண்ணாடிக் குழாய்களை ஓர் எந்திரத்துக்குள் வரிசையாக இறக்கினாள். அது தன் பாட்டுக்கு டிக் டிக் என்று எண்ணிக்கொண்டிருந்தது. மறுநாள் கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்துக் காட்டினாள். உயரக் கோழியின் கோடு ஏறி இறங்கியது. குட்டையின் கோடு அதற்கு மேலே, ஆனால் அதே மாதிரிதான் ஏறி இறங்கியது.

"பாத்தீங்களாக்கா? தலையில இருக்கிற ரிசப்டருக்கெல்லாம் ஒரு குறையும் இல்ல. விடுன்னா விடுது, நிறுத்துன்னா நிறுத்துது."

"அப்ப மந்தம் ஈரல்லதானுங்களா?"

"அத ஈரலப் பாத்துத்தான் சொல்லணும்" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தாளை மடித்தாள்.

எனக்குப் புரிந்தது. கோழி வளர்க்கிறவளுக்கு இது புதிதில்லை; எங்கள் வீட்டிலும் விருந்து வந்தால் குழம்பு வைப்போம். ஆனாலும் இரண்டு குட்டைகளையும் ஓர் உயரக் கோழியையும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன், பிறகு வெளித் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டேன். வேப்பமரத்தடியில் யாரோ ஒருவர் கன்றுக்குட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள். சாயங்காலம் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காவிரியில் நீச்சலடித்தவள் நான், ஆனால் அலையைக் கண்டதும் புடவையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுண்டல் தின்றுகொண்டே வெகுநேரம் மனதில் நின்ற கேள்வியைக் கேட்டேன்.

"மனுசருக்கும் இப்படி வருமுங்களா டாக்டரம்மா?"

"வரும்க்கா. ரொம்ப அபூர்வம். எங்கயோ ஒரு குடும்பத்துல." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க அப்பா என்ன உயரம்?"

"என்னளவுதானுங்க."

"அம்மா?"

"எங்கம்மாவுக்கு நான் ஒசரம்."

"அப்ப உங்க ஈரலுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. உங்க வீட்ல எல்லாருக்கும் அளவே அவ்வளவுதான்" என்றாள். அலைச் சத்தத்தையும் மீறி நாங்கள் சிரித்ததில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ஊர் திரும்புவதற்குள் ஈரலின் முடிவும் வந்துவிட்டது. உயரக் கோழியின் ஈரலில் ஹார்மோன் ஒட்டிக்கொண்டது. குட்டையின் ஈரலில் கிட்டத்தட்ட ஒட்டவே இல்லை. டாக்டரம்மாவின் பேராசிரியர், தலை நரைத்த மனிதர், அறைக்குள் வந்து எந்திரம் கொடுத்த தாளை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம், "அம்மா, இந்தக் கோழிகளை நீங்கள் கறிக்குப் போடாமல் வைத்திருந்ததற்கு நன்றி" என்றார். "நல்லா முட்டை போடுமுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அடுப்படி கரி பிடித்துக் கிடந்தது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு நாளா ரசங்கற பேர்ல சுடுதண்ணி ஊத்தறான் அம்முணி" என்று குற்றப் பத்திரிகை வாசித்தார். என் கணவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈரலில் ஒட்டியதா இல்லையா என்பதுதான் அவர் கேள்வி. ஒட்டவில்லை என்றதும், சைக்கிளை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

அங்கே அவர் என்ன சொன்னார் என்று மறுநாள் வேலிப் பக்கம் வந்த தோட்டத்துக்காரர் மூலம் தெரிந்தது. "ஏனுங்க அம்மணி, உங்க கோழிக்கு மூளைல இருந்து ஈரலுக்குத் தந்தி போவுதாமா? வாங்கறதுக்கு ஆளில்லையாமா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட சரிதான் என்றேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, குட்டைச் சேவல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். குட்டைச் சேவலை உயரப் பெட்டைகளோடு விட்டால் பிறக்கிற பெட்டைகள் எல்லாமே குட்டையாக வரும் என்பது அதற்குள் அவருக்கும் தெரிந்திருந்தது. தீவனம் விற்கிற விலையில் கொஞ்சமாகத் தின்னும் கோழியை யாருக்குத்தான் பிடிக்காது?

நாங்களும் அப்படியே செய்தோம். கூண்டு முறையும் பெரிய கம்பெனிக் குஞ்சுகளும் வந்து எங்கள் மர அலமாரிக்கு வேலை இல்லாமல் போகும்வரை, சில வருஷம் ஒரு ஷெட்டு முழுக்கக் குட்டைகளாகவே ஓட்டினோம். டாக்டரம்மா படிப்பை முடித்துப் பட்டம் வாங்கினாள். அவள் கல்யாணத்துக்கு நாங்கள் மூன்று பேரும் ஆத்தூர் போய் வந்தோம். மாமியார் ஒரு கூடை முட்டையைச் சீராகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

முழு ஷெட்டும் குட்டைகளான முதல் வருஷம் ஒன்று நடந்தது. பெட்டைகளைப் புது ஷெட்டில் விட்ட காலை, என் கணவர் தீவனத் தொட்டிகளை வழக்கமான உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு நிரப்பியும் வைத்துவிட்டார். கோழிகள் வரிசையாக வந்து நின்று, கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தன. ஒன்றுக்கும் எட்டவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தன. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"சிரிக்காத புள்ள, கவுத்தப் புடி" என்று அவர் முட்டி போட்டு, ஒவ்வொரு தொட்டியாக அவிழ்த்துத் தாழ்த்திக் கட்ட ஆரம்பித்தார்.